பதுக்கெ

திருநெல்வேலியிலிருந்து எல்லை தாண்டி ஆரியசாலைக்குக் கடை வைக்க வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. போன வாரம் என் பழைய வேனின் இன்ஜினைத் திறந்த மெக்கானிக், உள்ளே கறுத்த அல்வா மாதிரி அப்பியிருந்த ஆயில் கசடைக் காட்டினார்.

"மருந்து ஊத்தி ஒரேயடியா கழுவிருங்க" என்றேன்.

"வேண்டா அண்ணாச்சி. மொத்தமா இளகினா ஆயில் போற வழி அடைச்சு இன்ஜின் போயிடும். ஆயிலை அடிக்கடி மாத்தலாம். பதுக்கெ மதி."

அழுக்கை எதற்குப் பதுக்க வேண்டும்? அவரிடமே கேட்டேன்.

கூட வந்த மகள் சிரித்தாள். "அப்பா, மலையாளத்துல பதுக்கென்னா மெதுவா. மெதுவாப் போனாப் போதும்ங்கிறார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், பையன் பழைய வேலையை ஏன் விட்டான் என்று கேட்டிருந்தேன். "பதுக்கெ பறயாம்" என்றார் அவன் அம்மா. எதையோ பதுக்கிச் சொல்கிறார்கள் என்று நினைத்து அந்தச் சம்பந்தத்தையே வேண்டாமென்றுவிட்டேன்.

நான் வேண்டாமென்ற காரணம் மகளுக்குத் தெரியாது. பதுக்கெ சொல்லலாம் என்றிருக்கிறேன். எந்த அர்த்தத்தில் என்றுதான் எனக்கே தெரியவில்லை.