முந்தியில் வரைந்த மரகதப்புறா

போன வருடம் கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியைகளுக்காகச் சேலைகளில் படம் வரைந்துகொடுத்தேன். தமிழ்நாடு நாள் விழாவுக்கு எல்லாரும் ஒரே மாதிரி கட்டிக்கொள்ள வேண்டும், முந்தியில் நம் மாநிலத்தின் அடையாளங்கள் இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டிருந்தார். பனைமரம், செங்காந்தள், பலாப்பழம், வரையாடு, மரகதப்புறா, தமிழ் மறவன் பட்டாம்பூச்சி. அத்தனையும் ஒரே முந்திக்குள் அடங்க வேண்டும். ஆனால் பாடப்புத்தக அட்டையைப் போல இருந்துவிடக் கூடாது.

துணியில் படம் வரைவதுதான் என் தொழில். காமயகவுண்டன்பட்டியில் ஊர் முடிகிற இடத்தில் எங்கள் வீடு. பின்னால் திராட்சைத் தோட்டம், அதைத் தாண்டினால் ஓடை, ஓடைக்கரை முழுக்க அடர்ந்த மரங்கள், அப்புறம் மலை. என் கணவரின் தங்கை அடுத்த தெருவில் இருக்கிறாள். வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து என்னோடு உட்கார்ந்துகொள்வாள். கோடு போடுவது நான். நிறம் பூசுவது இரண்டு பேரும்.

வேலை நடப்பது பின்கட்டு அறையில். முன்பு அது பகலிலேயே விளக்குப் போட வேண்டிய அறை. பெரியகுளத்தில் ஒரு ஜவுளிக்கடையை இடித்தபோது அதன் முகப்புக் கண்ணாடியை என் கணவர் வாங்கி, வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். பின்சுவரை உடைத்து அதைப் பதித்தோம். அன்றிலிருந்து அறைக்குள் வெளிச்சம் கொட்டியது. பார்க்க வந்தவர்கள் ஷோரூம் மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மற்றவை எல்லாம் எளிதாக வந்துவிட்டன. செங்காந்தள் எங்கள் வேலியிலேயே பூக்கிறது. வரையாட்டை மேகமலைப் பக்கம் தூரத்தில் பார்த்திருக்கிறேன். மரகதப்புறாதான் கைக்கு வரவில்லை. போனில் பார்த்த படங்களில் அது ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பச்சையாக இருந்தது. நான் கலந்த பச்சை எல்லாம் கிளிப்பச்சையாகவோ பாசிப்பச்சையாகவோ போனது. மாதிரித் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டு எரிச்சலோடு உட்கார்ந்திருந்த ஒரு மதியத்தில் கண்ணாடியில் டொப்பென்று ஏதோ மோதியது.

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தோம். சுவரோரம் மல்லாக்கக் கிடந்தது, மரகதப்புறாவேதான். கையில் எடுத்தபோது உடம்பு சூடாக இருந்தது. அலகு சிவப்பு, கழுத்து பழுத்த நாவற்பழத்தின் நிறம் வெளுத்தாற்போல. சிறகை வெயிலில் சாய்த்தால் பச்சைக்குள்ளிருந்து செம்பு நிறம் எழுந்து வந்தது. பாவம் என்றுதான் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தேடிக்கொண்டிருந்தது தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது.

அதை உள்ளே கொண்டுவந்து பழைய துணிமேல் வைத்துவிட்டுப் பச்சையைக் குழைக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் நீலம், துளி பழுப்பு, பிறகு செம்புப் பொடி. நாத்தனார் பக்கத்திலேயே நின்றாள்.

"மதினி, அதை விட்ருங்க. நெஞ்சு எப்படி அடிச்சுக்கிருதுன்னு பாருங்க."

இரு, இன்னும் கொஞ்சம்தான் என்றேன். நிறம் சரியாக அமைந்த பிறகுதான் அதை வெளியே எடுத்துப்போனேன். என் உள்ளங்கையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தலையை உதறிக்கொண்டு ஓடைப் பக்கம் தாழப் பறந்துபோனது. எனக்கு நிம்மதியாக இருந்தது. நாத்தனார் மட்டும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கன கண்ணாடிக்குள்ள மரம் தெரியுது மதினி. நெச மரம்னு நெனச்சுத்தான் அது வந்திருக்கு. ஒரு துணியத் தொங்க விட்ருவமா?"

அவள் நின்ற இடத்தில் நின்று நானும் பார்த்தேன். ஓடைக்கரை மரங்கள், அவற்றின் மேலே மலை, வானம், அத்தனையும் கண்ணாடிக்குள் இருந்தன. அவள் சொன்னது சரிதான். ஆனால் துணி தொங்கவிட்டால் அறை இருண்டுவிடும். நிறம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன்.

"சேலையெல்லாம் முடியட்டும். பெறகு மறைச்சிருவோம்" என்றேன்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. முந்திக்கு முந்தி புறா உட்கார்ந்தது. பூசப் பூச எனக்கே ஆசையாக இருந்தது. இடையில் ஒருமுறைகூடக் கண்ணாடியைப் பற்றி நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஓரிரு முறை நினைத்தேன். இன்னும் கொஞ்சம் சேலைதானே என்று தள்ளிப்போட்டேன்.

ஒருநாள் முடிந்த சேலைகளைக் காட்டக் கம்பத்துக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு டவுன் பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வந்தால், நாத்தனார் கொல்லையில் மடியில் துணியை விரித்து உட்கார்ந்திருந்தாள். துணியில் ஒரு மரகதப்புறா. கழுத்து துவண்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. முதலில் வந்த அதே புறாவா, அதன் சோடியா, எங்களுக்குத் தெரியாது.

"விழுந்து கொஞ்ச நேரம் உசுரு இருந்துச்சு மதினி. தண்ணி வச்சுப் பாத்தேன். குடிக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன். மோதிய இடத்தில் சிறகு விரித்த வடிவம் இறகுத் தூளாக வெள்ளையாய் ஒட்டியிருந்தது. இறகுகளின் கோடுகள்கூடத் தெரிந்தன. அந்த நேரத்திலும் என் கண், சிறகின் வளைவு இப்படியல்லவா போகிறது, நாம் வரைந்தது தட்டையாகப் போய்விட்டதே என்று கணக்குப் போட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஓடைக்கரையில் குழி தோண்டிப் புதைத்தோம். திரும்பி வந்ததும் நாத்தனார் என்னிடம் கேட்காமல் பழைய போர்வை ஒன்றைக் கண்ணாடிக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டாள். சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட என் கணவர், இந்தத் தோட்டங்களில் அடிக்கிற மருந்துக்கு எத்தனை பறவை சாகிறது, இதற்குப் போய் அழலாமா என்றார். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. மருந்தடித்தவர்களுக்குப் பறவையைத் தெரியாது. எனக்கு அதன் கழுத்து நிறம் வரைக்கும் தெரியும்.

மிச்சச் சேலைகளை விளக்குப் போட்டு முடித்தோம். பச்சை மாறவில்லை. பயந்ததுபோல ஒன்றும் ஆகவில்லை. முதல் நாளே துணியைக் கட்டியிருக்கலாம்.

விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆசிரியைகள் மேடையில் வரிசையாக நின்றபோது எல்லார் தோளிலும் ஒரு புறா. தலைமையாசிரியை எனக்குப் பொன்னாடை போர்த்தி, இந்தப் புறா மட்டும் எப்படி இவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று மைக்கிலேயே கேட்டார். எங்கள் வீட்டுப் பின்னால் பார்த்தேன் என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். இயற்கையை நேசிக்கிறவர்களின் வீடு தேடிப் பறவைகள் வரும் என்று அவர் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். நான் பொன்னாடையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விழா முடிந்ததும் நடந்ததை அவரிடம் சொன்னேன். நீங்கள் வேண்டுமென்றா செய்தீர்கள், மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டு எனக்குக் காப்பி வரவழைத்தார். அதைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இப்போது கண்ணாடியின் வெளிப்புறத்தில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் போட்டிருக்கிறேன், விரல் நுழையும் இடைவெளியில். மழைக்குக் கரைந்தால் திரும்பவும் போடுகிறேன். அறை கொஞ்சம் மங்கல்தான். இதுவரை எதுவும் வந்து மோதவில்லை.

நாத்தனாருக்கென்று தனியாக ஒரு சேலை வரைந்து கொடுத்திருந்தேன். வாங்கிக்கொண்டாள். குச்சனூர் கோயிலுக்கு எல்லாரும் போனபோது அதைக் கட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வேறு சேலையில் வந்தாள்.

சமீபத்தில் தேனியிலிருந்து இன்னொரு பள்ளிக்கூடம் அதே சேலையைக் கேட்டது. ஒப்புக்கொள்வதற்கு முன்னால் அவளிடம் கேட்டேன்.

"செய்வோம் மதினி. புறாவ மட்டும் நான் பூசல. மத்ததெல்லாம் பூசித் தாறேன்."

சரி என்றேன். மறுநாள் அவள் பலாப்பழத்துக்கு மஞ்சளைக் குழைத்தபடி தன் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் முடித்த சேலையை என் பக்கம் இழுத்து, நான் புறாவைப் பூசத் தொடங்கினேன்.