வாடகை வேறு, மொய் வேறு

எங்கள் மகனின் சவுண்ட் சர்வீஸ் கடை வாசலில், புதிய பெட்டி ஸ்பீக்கர்களுக்கு நடுவே, நீல வண்ணம் உரிந்த பழைய ஒலிபெருக்கிக் கூம்பு ஒன்று இன்னும் தொங்குகிறது. விளிம்பில் ஓரிடத்தில் நசுங்கியிருக்கும். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ கூம்புகளைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாயிற்று. இதை மட்டும் யாரையும் தொட விடவில்லை நான். என் இரண்டு வளையல்களை விழுங்கியதும் அதுதான், திருப்பிக் கொடுத்ததும் அதுதான். கொடுக்க வைத்தவர் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தருமபுரியில் அரிசி மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று சொந்தத் தொழில் ஆசை வந்தது. என் வளையல்களை அடகு வைத்து ஓர் ஆம்ப்ளிபயர், இரண்டு கூம்பு, ஒரு மைக், பாட்டுத் தட்டு சுழலும் பெட்டி என்று வாங்கிவந்தார். வந்த அன்று தெரு முழுக்கக் கேட்கும்படி மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டுக்காரர் வந்து நாலுக்கு மேல் தெரியாதா என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினார். பஸ் கூரையில் செட்டை ஏற்றிக்கொண்டு அவர் முதல் கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது, ஒரு மந்திரியை வழியனுப்புகிற பெருமை எனக்கு.

அவருக்குக் கூம்பு கட்டத் தெரியும், நேரம் பார்த்துப் பாட்டுப் போடத் தெரியும். காசு கேட்க மட்டும் வாய் வராது. ‘நம்ம ஆளுங்க’ என்று யாராவது சொல்லிவிட்டால் மனுஷன் உருகிப்போவார். எங்கள் பக்கத்திலோ நம்ம ஆளுங்க இல்லாத ஊரே கிடையாது. கடத்தூரில் சித்தப்பா முறை, அரூரில் அண்ணன் முறை, பென்னாகரத்தில் என்ன முறையென்றே தெரியாத ஒருவர், ஆனாலும் சொந்தம். எல்லாருக்கும் ஓசி. செட்டு கட்டியதே பெரிய மொய்தானே என்று மொய்யும் வைக்காமல், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை பாக்கோடு வீடு வந்து சேர்வார்.

மூத்தவனுக்குக் காது குத்தியபோதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் ஓசியில் செட்டு கட்டிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள், பிள்ளையைக் கொஞ்சினார்கள், சாப்பிட்டார்கள். மொய் எழுதுகிற இடத்தைத் தாண்டித் தாராளமாக நடந்து போனார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் வீட்டு விசேஷத்தில் எங்கள் பேரில் மொய் விழவேயில்லை. திருப்பி வைக்க என்ன இருக்கிறது? எனக்கு வந்த கோபத்தில் அன்று வீட்டுக்காரருக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றவில்லை.

அந்த ஐப்பசியில் இன்னொரு ஓசிக் கல்யாணத்தில் புளியமரக் கிளை ஒடிந்து கூம்பு கீழே விழுந்தது. விளிம்பு நசுங்கியதோடு, உள்ளே சத்தம் எழுப்புகிற யூனிட்டும் போயிற்று. சேலம் கொண்டுபோய்ச் சரி பண்ணக் கையில் காசில்லை. அடகுக் கடையில் வட்டி ஏறி வளையல் முழுகிப்போகும் நிலை. கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் வந்து செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்டார். விற்றுவிட்டுப் பெங்களூருக்கு மூட்டை தூக்கப் போவதாக என் வீட்டுக்காரர் முடிவே செய்துவிட்டார். நான் அழுதுகொண்டே அண்ணிக்கு ஆள் அனுப்பினேன்.

அண்ணிக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் புளி வியாபாரம். இடுப்பில் எப்போதும் இரண்டு சுருக்குப்பை இருக்கும். சிவப்பு வியாபாரத்துக்கு, பச்சை வீட்டுக்கு. தன் வீட்டுக் குழம்புக்குப் புளி எடுத்தாலும் பச்சையிலிருந்து காசை எடுத்துச் சிவப்பில் போட்டுவிட்டுத்தான் எடுப்பார். சாயங்காலம் சிவப்பிலிருந்து தன் கூலியை எடுத்துப் பச்சையில் போட்டுக்கொள்வார். பச்சையில் காசில்லை என்றால் அன்று வீட்டில் கறி இல்லை, சிவப்பு எவ்வளவு கனத்தாலும் சரி. இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று நான் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறேன்.

வந்தவர் தம்பியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார். அக்கா தம்பி இருவருக்கும் தாய்மாமன் வீட்டில், அவர் மகனுக்கு. மிச்சமிருக்கும் ஒற்றைக் கூம்போடு ஓசியில் போய்க் கட்டிவிட்டு, மறுநாளே செட்டை விற்பதாக இருந்தார் இவர். அப்போதுதான் அண்ணி சொன்னார்.

“ஓசியில குடுத்தா அது உறவும் இல்ல, யாவாரமும் இல்ல தம்பி. வாடகைய வாடகையா வாங்கு. மொய்ய மொய்யா வையி.”

தாய்மாமனிடம் வாடகையா என்று இவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அதனால் நானும் அண்ணியும்தான் போனோம். மாமா ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர், கோபக்காரர். அவர் முறைத்துக்கொண்டால் மொத்தச் சொந்தமும் எங்களை ஒதுக்கிவிடும். அண்ணி தயங்காமல் விஷயத்தைச் சொன்னார். மாமா என்னைப் பார்த்தார்.

“எம் மருமவன் செட்டுக்கு நான் வாடக குடுக்கணுமா?”

“ஆமாங்க மாமா, முப்பது ரூபா. பாதிய இப்பவே குடுத்தீங்கன்னா சேலம் போயி கூம்ப சரி பண்ணிக்கிட்டு வந்துருவான்” என்றார் அண்ணி.

மாமா உள்ளே போய்ப் பதினைந்து ரூபாயைக் கொண்டுவந்தார். கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார். யார் சொந்தம், யார் யாவாரின்னு இன்னைக்குத் தெரிஞ்சு போச்சு என்றார். எனக்குக் கூசிப்போயிற்று. அண்ணி குனிந்து எடுத்து, நிதானமாகச் சிவப்புப் பையில் போட்டுக்கொண்டார்.

கல்யாணத்தன்று இரண்டு கூம்பும் கணீரென்று பாடின. ஆனால் மாமா என் வீட்டுக்காரர் பக்கமே திரும்பவில்லை. மீதி வாடகையையும் வேறொருவர் கையில் கொடுத்தனுப்பினார். தாலி கட்டி முடிந்து மொய் எழுத உட்கார்ந்தார்கள். எழுத எழுத ஒருவர் மைக்கில் படிப்பார், ஊருக்கே கேட்கும். இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று போய்க்கொண்டிருந்தது. அண்ணி தம்பியின் முதுகில் கைவைத்துத் தள்ளினார். இவர் போய்த் தாம்பாளத்தில் பணத்தை வைத்தார்.

“தருமபுரி சவுண்ட் சர்வீஸ்காரர், மாப்பிள்ளைக்கு அத்தை மகன், மொய் பதினொரு ரூபாய்” என்று இவர் கட்டிய கூம்பே இவரைச் சொன்னது.

பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த மாமா வாளியோடு நின்றார். பிறகு விடுவிடுவென்று மைக்கைப் பார்த்து நடந்தார். இவர் இரண்டடி பின்வாங்கினார்.

“கடைசிப் பந்திக்குக் கேக்கல. இன்னொருக்கா சொல்லுப்பா” என்றார் மாமா.

இன்னொரு முறை சொன்னார்கள். மாமா பந்திக்குத் திரும்பி, இவரைத் தம் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்தார். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் வந்து வாடகை எவ்வளவு என்று கேட்டு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேருமே நம்ம ஆளுங்க. மாமனே வாடகை கொடுத்த பிறகு ஓசி கேட்க யாருக்கு வாய் வரும்?

அதன் பிறகு வாடகையில் ஒரு பங்கு ரிப்பேருக்கென்று தனி டப்பாவுக்குப் போனது. இவருக்கென்று ஒரு கூலி, அதில்தான் வீடு. சின்னவன் காதுகுத்துக்கு எங்கள் செட்டையே கட்டி, வீட்டுக் காசிலிருந்து கடைக்கு வாடகை கொடுத்தார். கொடுக்குமுன் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று தனக்குத்தானே பேரம் பேசியதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தக் காதுகுத்தில் மொய் நிறைய விழுந்தது. அதுவரை வாடகையில் வட்டி கட்டிக் காப்பாற்றிவந்த என் வளையல்களும் கைக்கு வந்தன. அண்ணியை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு குளிரும்.

போன தை மாதம், எண்பதைத் தாண்டிய அண்ணி தன் பேத்தி கல்யாணத்துக்குச் செட்டு பேசக் கடைக்கு வந்தார். உங்ககிட்டப் போயிக் காசு வாங்குவேனா அத்தை என்றான் என் மகன், அப்படியே அப்பனை உரித்து வைத்தாற்போல. அண்ணி எழுந்துவிட்டார்.

“அப்ப அரூர்ல வேற செட்டு பாத்துக்கறேன்.”

அவசரமாக முன்பணத்தை வாங்கிக்கொண்டான்.

கல்யாணத்தில் மொய் நேரத்துக்கு மட்டும் அந்த நீலக் கூம்பைக் கட்டச் சொன்னேன். இவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் மொய்யை என் பேரில் வைத்தேன். நசுங்கிய விளிம்போடு கரகரவென்று அது என் பேரைச் சொன்னது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணி, காது மந்தமானவர்போலக் கையைக் காதில் வைத்துக்கொண்டு, கேக்கல, இன்னொருக்கா சொல்லச் சொல்லு என்றார். அவருக்கு நன்றாகக் கேட்டிருந்தது. அதற்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்திருந்தாரே.