கெத்தரின் கேட்ட வெயில்

இருபத்தாறு வயதில் கெத்தரினுக்குப் படி ஏற முடியாமல் போனது.

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் அவளும் அவள் அம்மா மரியாயியும் இருக்கும் லயத்து வீட்டுக்கு, பஸ் ரோட்டிலிருந்து கல்படிகளில் ஏறித்தான் போக வேண்டும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது தண்ணீர்க் குடத்தோடு ஓடி ஏறியவள், இப்போது பாதிவழியில் நின்று, தொடையை இரண்டு கையாலும் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று போன் பேசுவதுபோல் பாவனை வேறு.

மரியாயி வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவள். "வெயில்ல நின்னது என்னோட போவட்டும்" என்று மகளைப் படிக்க வைத்தாள். மாத்தளை டவுனுக்குப் பக்கத்திலிருந்த கார்மெண்ட் தொழிற்சாலையில் மகளுக்கு வேலை கிடைத்தபோது மாதா கோயிலில் மெழுகுவர்த்தி கொளுத்தினாள். அங்கே கூரை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

கார்மெண்ட் பஸ் விடியுமுன் வரும். அது திரும்பக் கொண்டுவந்து விடும்போது இருட்டியிருக்கும். இடைப்பட்ட பகல் முழுக்க டியூப் லைட்டின் கீழ், ஜன்னல் இல்லாத கூடத்தில் கெத்தரின் சட்டைக் காலர் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மரியாயி குடையை விரித்துக்கொண்டு கூடவே வருவாள். மகள் தன்னைப்போலக் கறுத்துவிடக் கூடாது. கல்யாணப் பேச்சு வரும் வயது. மாதா மாதம் தோலை வெள்ளையாக்கும் கிரீம் வாங்கி வந்ததும் அவள்தான்.

முதலில் வலித்தது முழங்காலுக்குக் கீழே. சதையில் இல்லை, எலும்புக்குள். பிறகு இடுப்பு. கக்கூஸில் குந்தினால் சுவரைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. டிஸ்பென்சரியில் கொடுத்த வலிக் குளிசை அன்றைக்கு மட்டும் கேட்டது. மெஷின் பெடலை மிதிக்கும் கால் பின்னேரமானால் மரத்துப்போகும், காலர்கள் குவிந்துகிடக்கும். சூப்பர்வைசர் தினுஷா வந்து தலைக்குமேல் நிற்பாள்.

"தங்கச்சி, ஒனக்கு என்ன வயசு? ஒன் வயசுல நான் ரெண்டு மெஷின் ஓட்டுனேன்" என்று சிங்களத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். கொஞ்ச நாளில் கெத்தரினை மெஷினிலிருந்து எழுப்பி, நூல் வெட்டும் மேசைக்கு அனுப்பிவிட்டாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யும் வேலை அது. பஸ்ஸில் யாரோ "நடிக்கிறா" என்றது கெத்தரினின் காதில் விழுந்தது.

அந்தச் சொல்தான் அவளை ஆஸ்பத்திரிக்குத் தள்ளியது. லீவு போட்டுவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் ஒரு பெண் டொக்டர் இருந்தார். அவளைக் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். கெத்தரினால் முடியவில்லை. கணைக்கால் எலும்பை விரலால் அழுத்தியபோது அலறிவிட்டாள். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, முடிவு வந்ததும் கூப்பிட்டார்.

"விட்டமின் டி நல்லாக் கொறஞ்சு போயிருக்கு. எலும்பும் சதையும் அதனாலதான் வலிக்குது. பகல்ல வெயில் படுதா ஒங்களுக்கு?"

கெத்தரினுக்குச் சிரிப்பு வந்தது. "டொக்டர், நான் எல்கடுவ. எங்க தோட்டத்துல இல்லாத வெயிலா?"

"வெயில் அங்க இருக்கு. நீங்கதான் அங்க இல்லையே."

சிரிப்பு நின்றது. அடுத்து டொக்டர் சொன்னதையெல்லாம் அவள் வரி விடாமல் கேட்டாள். வாரத்துக்கு ஒரு குளிசை, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு. சீக்கிரம் குணமாக வேண்டுமென்று கூடுதலாகப் போட்டால் சிறுநீரகம் கெடும். முட்டையை மஞ்சட் கருவோடு சாப்பிட வேண்டும். நெத்தலி, சாளை மாதிரி மீன் அடிக்கடி சேர்க்க வேண்டும். உச்சி வெயில் நேரத்தில் கையும் காலும் வெளியே தெரிய உட்கார வேண்டும். தோல் எரியும்வரை இருக்கக் கூடாது. கண்ணாடி ஜன்னலுக்குள் வரும் வெயில் இதற்கு உதவாது. கறுத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். சில மாதம் கழித்துத் திரும்பவும் இரத்தம் பார்க்க வேண்டும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வானத்தில் சும்மா கிடக்கிற ஒன்று தனக்கு மட்டும் கிடைக்காமல் போயிருக்கிறது. அதற்கு மேல், தன்னை நடிக்கிறவள் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் மரியாயி ஒப்புக்கொள்ளவில்லை. "குளிசைய மட்டும் குடி. வெயில்ல ஒக்காந்து கறுத்துப்போனா ஒன்னைய யாரு கட்டுவா?"

"நடக்க முடியாதவள மட்டும் யாரும்மா கட்டுவா?" என்ற கெத்தரின், கிரீம் டப்பாவை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் மதியம் மணி அடித்ததும் சாப்பாட்டுப் பெட்டியோடு கேன்டீனுக்குப் போகாமல், பின்வாசலால் முற்றத்துக்குப் போனாள். லொறி வராத மூலையில், மதிலோரம் ஒரு சிமெந்துத் திட்டு இருந்தது. அதில் உட்கார்ந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, பாவாடையை முழங்கால் வரை ஏற்றிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். வெயில் முதுகில் அடுப்பு மாதிரி இறங்கியது.

தினுஷா வந்தாள். "இங்க என்ன செய்யுற? சாப்பிடற எடம் உள்ள."

"மருந்து எடுக்குறேன் மிஸ்."

அன்றைக்கே மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். முற்றத்துக்கு யாரும் போகக் கூடாது, ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு, சுகமில்லை என்றால் லீவு போட்டுவிட்டு வீட்டில் இரு என்றார் மேனேஜர். வேறு யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டு வந்திருப்பார்கள். கெத்தரின் கிளினிக் துண்டுச் சீட்டை மேசையில் வைத்தாள்.

"லீவு வேணாம் சேர். வேலை செய்யத்தான் வாறேன். மத்த நேரமெல்லாம் ஒங்களோடது, நான் எந்திரிக்கவே மாட்டேன். சாப்பாட்டு நேரம் என்னோடது. அந்த மூலையில லொறி வராது, நான் பாத்துட்டுத்தான் ஒக்காந்தேன். வேணாம்னா, சுகமில்லாதவ வெயில்ல ஒக்காரக் கூடாதுன்னு எழுதித் தாங்க. டொக்டர்கிட்ட காட்டுறேன்."

மேனேஜர் எழுதித் தரவில்லை. போகக் கூடாது என்றும் அதன்பிறகு சொல்லவில்லை.

கேன்டீன் வாசலில் நின்று பெண்கள் சிரித்தார்கள். "கருவாடு காயுது" என்றாள் ஒருத்தி. "காஞ்சாத்தான் கெட்டுப்போகாது" என்று அங்கிருந்தே கத்தினாள் கெத்தரின். மழை பெய்த நாட்களில் மட்டும் உள்ளே போனாள். வலி உடனே போய்விடவில்லை. முதல் மாதம் ஒன்றுமே மாறாததுபோல்தான் இருந்தது. இருந்தும் குளிசையை நிறுத்தவில்லை, திட்டையும் விடவில்லை.

ஒருநாள் றிஸ்னா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டன் தைக்கிறவள், பிள்ளை பெற்று வந்ததிலிருந்து முதுகுவலி. மதில் பக்கம் திரும்பி உட்கார்ந்து கையை மடித்துவிட்டாள். "உம்மா கண்டா ஏசுவா" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். கெத்தரின் சொல்லி அவளும் இரத்தம் பார்த்தாள். அவளுக்கு அவ்வளவு குறைவில்லை, முதுகுவலிக்குக் காரணம் வேறு. ஆனாலும் உள்ளே திரும்பிப் போகவில்லை. "இங்க சோறு ருசியா இரிக்கி" என்றாள்.

அந்த நாட்களில்தான் நாவுலயிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கெத்தரின் அரைக்கை ப்ளவுஸோடு தேத்தண்ணி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் பெரியம்மா அவள் கையைப் பார்த்தாள், போனிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"படத்துல புள்ள வெள்ளையா இருந்துச்சே."

"அது பழைய படம்ங்க. அப்ப என்னால எந்திரிச்சு நிக்க முடியல. இப்ப முடியுது" என்றாள் கெத்தரின்.

பெரியம்மா மரியாயியிடம் திரும்பினாள். "நீங்களாவது பாத்து வளத்திருக்கலாம்."

மகள் வாய் காட்டியதற்கு மரியாயி மன்னிப்புக் கேட்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மரியாயி தன் கையை நீட்டினாள். கொழுந்துக் கறை ஏறிய, வெயிலில் வெந்த கை.

"பாத்துத்தாங்க வளத்தேன். பொத்திப் பொத்தி வளத்து நடக்க முடியாம ஆக்கிட்டேன். நான் இந்த நெறத்துலதான் மலை ஏறுனேன். எம் மக நடந்தாப் போதும். நீங்க தேத்தண்ணியக் குடிங்க."

அவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. அன்று அம்மாவும் மகளும் மிச்சமிருந்த பலகாரத்தை வாசலில் உட்கார்ந்து தின்று தீர்த்தார்கள்.

இரண்டாவது இரத்தப் பரிசோதனையில் அளவு ஏறியிருந்தது. டொக்டர் வாரக் குளிசையை நிறுத்தி, சின்ன அளவில் தினமும் எடுக்கச் சொன்னார். கெத்தரின் தினுஷாவிடம் போய், தன் மெஷினைத் திருப்பிக் கேட்டாள்.

"டார்கெட் போடுவியா?"

"ஒக்கார வெச்சுப் பாருங்க."

தினுஷா உட்கார வைத்தாள். பின்னேரம் காலர்களை எண்ணி, டார்கெட் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனாள். மறுநாளும் அதே மெஷின் கெத்தரினுக்குக் கிடைத்தது. மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

"அதான் சொகமாயிருச்சே, இன்னமும் ஏன் வெளிய போற?" என்று இப்போதும் யாராவது கேட்பார்கள். "விட்டா மறுபடி கொறையும்" என்று சொல்லிவிட்டு அவள் வெயிலுக்கு நடக்கிறாள். திட்டில் இப்போது இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது.