முப்பத்தொரு நாய்களைத் தெரிந்தவள்

மலையில் ஓநாய் இருக்கிறதா என்று யார் கேட்டாலும் தபால்காரம்மா முதலில் நாய்களைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பாள். பத்தொன்பது வருஷம் ஏழு மலைக்கிராமங்களுக்குக் கடிதம் சுமந்தவள் அல்லவா? கடிதம் வாங்க வேண்டியவர் வாசலுக்கு வர ஐந்து நிமிஷம் ஆகும். அவர் வீட்டு நாய் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும். எது சும்மா குரைக்கும், எது சத்தமே போடாமல் கவ்வும், எது வாலை ஆட்டிக்கொண்டு அடுத்த ஊர் வரை கூடவே வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "சும்மா வரல இந்தப் படிப்பு" என்று கெண்டைக்காலில் இருக்கும் நாலு தழும்பையும் காட்டுவாள்.

பிறகு மலைக்குச் சாலை வந்தது. தபால் வேனில் ஏறிக்கொண்டது, இவள் வீட்டில் உட்கார்ந்தாள். எத்தனை நாள் உட்கார்வது? வனவிலங்கு அலுவலகத்தில் கணக்கெடுப்புக்கு வழி தெரிந்த ஆள் வேண்டுமென்றார்கள், போய்ச் சேர்ந்தாள். தடம் பார்க்க வேண்டும், எச்சம் பொறுக்க வேண்டும். சாயங்காலம் மேட்டில் நின்று ஓநாய் மாதிரி ஊளையிட்டு, பதில் வருகிறதா என்று கேட்க வேண்டும். அவள் கணவர் தையல்காரர். அவருடைய இஞ்ச் டேப் அந்த வாரமே காணாமல் போனது.

"ஓநாய்க் காலை அளந்துட்டு அதையே கொண்டுவந்து என் டேபிள்ல வைக்கற. நான் அதை மாப்பிள்ளை இடுப்புல சுத்தணுமா?" என்று புலம்பிவிட்டு அவர் வேறொன்று வாங்கிக்கொண்டார்.

வேலை நன்றாகத்தான் போனது, போன வருஷம் அந்தக் கூத்து நடக்கும் வரை. ஒரு புதன்கிழமை சாயங்காலம் மேற்கு முகட்டுக்குக் கீழே நின்று அவள் ஊளையிட்டாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. மறுபடி ஊளையிட்டாள், மறுபடி பதில். ஆறு தடவை! உடம்பெல்லாம் புல்லரிக்க, "நிச்சயம் ஓநாய்" என்று எழுதிக் கொடுத்தாள். மறுநாள் அலுவலக ஜீப் டிரைவரும் அதே மாதிரி ஒரு தாளை நீட்டினார். வியாழக்கிழமை போக வேண்டியவர், ஜீப் ரிப்பேருக்குப் போகிறதே என்று யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் முன்னதாகவே எதிர்ப்பக்கம் ஏறியிருக்கிறார். அதிகாரி இரண்டு தாளையும் அருகருகே வைத்து நேரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்திருக்கீங்க" என்றார்.

ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. கடைத்தெருவில் அவள் நடந்தால் மருந்துக்கடைக்காரர் கவுன்டருக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கி ஊளையிடுவார். மாத்திரை வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள், ஆனால் வீட்டுக்குப் போய் அன்று சரியாகச் சாப்பிட மாட்டாள்.

சிரிப்போடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வரைபடத்தில் மேற்கு முகட்டைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு இருந்தது. ஓநாய் வாழும் இடம் என்று அதற்கு அர்த்தம். இந்தப் பனிக்காலத்தில் ஆதாரம் கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கோட்டை அழித்துவிடுவார்கள், முகட்டில் கல்குவாரி வரும். எச்சத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினால் பதில் வர மூன்று மாதம். மரத்தில் கட்டிவைத்த கேமராவில் சிக்கியது ஒரு முயலும் டிரைவரின் தொப்பியும்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் முகட்டில் தடத்தைக் கண்டாள். பனியில் ஒற்றை வரிசை, கயிறு பிடித்துப் போட்டதுபோல நேராகப் போயிருந்தது. இருட்டும் வரை பின்தொடர்ந்து, அளந்து, காலையில் அதிகாரியின் மேஜையில் நோட்டை விரித்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாயா இருக்கும்மா."

கடித்த நாய்கூட அவளுக்கு அவ்வளவு வலியைத் தந்ததில்லை.

"எந்த நாய் சார்?"

"எந்த நாய்னா?"

"ஏழு ஊர்லயும் சேத்து முப்பத்தோரு நாய். அவ்வளவு பெரிய பாதம் நாலுக்குத்தான் இருக்கு. எந்த நாய்னு சொல்லுங்க, நான் ஒத்துக்கறேன்."

அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

மாவு மில் வாசலில் வண்டியை நிறுத்தி, பனியில் கிடந்த தடத்தைக் காட்டினார். "இது யாரு?" பரீட்சைதான்.

குனிந்தவள் நிமிரவே இல்லை. "மில்காரர் வீட்டுக் கருப்பன். வலது பின்கால்ல ஒரு நகம் கிடையாது. பாருங்க, வாசலுக்கு வந்திருக்கான், தூண்கிட்ட போயிருக்கான், மறுபடி வாசலுக்கு. வீட்டுச் சோறு தின்னறவனுக்கு நேரா நடக்கணும்னு என்ன தலையெழுத்து? ஓநாய் வீணா ஒரு அடி வைக்காது சார். முன்கால் வச்ச குழியிலயே பின்காலையும் வைக்கும்."

மில்லுக்குப் பின்னாலிருந்து கருப்பன் வந்தது. டிரைவர் அதன் வலது பின்காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நகம் இல்ல சார்" என்றார்.

முகட்டை அடையும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஒற்றை வரிசையைப் பிடித்துக்கொண்டு மூவரும் நடந்தார்கள், முந்தின நாள் அவள் திரும்பிய இடத்தையும் தாண்டி. குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. அங்கே வரிசை பிரிந்தது. ஒன்று மரத்தைத் தாண்டியிருந்தது, ஒன்று அடியில் நுழைந்திருந்தது, இரண்டு சுற்றிப் போயிருந்தன. அப்பால் ஒன்றன் தடத்திலேயே ஒன்று மிதித்து மறுபடி ஒரே வரிசை. அதிகாரி இரண்டு தடவை எண்ணினார்.

"நாலு! நோட்டுல ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்களே?"

"நேத்து பாத்தது ஒண்ணுதான் சார். பாக்காததை எழுதி ஒரு தடவை பட்டது போதும்."

அவர் அவளை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஒரு ஊளை விட்டுப் பாக்கலாமா?"

வேண்டாமென்று தலையாட்டினாள். அவர் விடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "டிரைவர் தம்பி எங்க?" என்றாள்.

"இதோ இருக்கேன் அக்கா." பின்னால் நின்று ரொட்டி மென்றுகொண்டிருந்தார்.

தபால்காரம்மா கையைக் குவித்து ஊளையிட்டாள். மலை சும்மா இருந்தது. அவள் காது மடல் சூடேறியது. இன்னொரு தடவை, அடிவயிற்றிலிருந்து. பள்ளத்திலிருந்து ஒரு கனத்த குரல் எழுந்தது. அதன் மேல் இன்னொன்று ஏறியது, பிறகு மூன்றாவது.

அதிகாரி சட்டென்று டிரைவரைப் பார்த்தார். இரண்டு கன்னமும் ரொட்டியால் புடைத்திருக்க, டிரைவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

கண்டறிந்தவர் என்ற இடத்தில் 'அலுவலகக் குழு' என்று எழுதுவதுதான் அங்கே வழக்கம். அன்று அதிகாரி படிவத்தையும் பேனாவையும் அவளிடம் நீட்டினார். தன் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு சேர்த்து எழுதினாள். பெருமையாக இருந்தது அவளுக்கு. இருக்காதா பின்னே? வெள்ளிக்கிழமை பச்சைக் கோடு அப்படியே நின்றது.

சனிக்கிழமை கடைத்தெருவில் போனாள். செய்தி தெரியாத மருந்துக்கடைக்காரர் வழக்கம்போலத் தலையைத் தூக்கி ஊளையிட்டார். அவள் நின்றாள். காதைச் சாய்த்து முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நாய்தான், சந்தேகமே இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.