அழிக்க அழிக்கத் திரும்பி வருகிற பென் டிரைவ்

ஒரு வீடியோ அழிந்துவிட்டது என்று கொம்பியூட்டர் சொல்கிறது. அதை நம்பி, அழித்துவிட்டேன் என்று நானும் ஒருவருக்குச் சொல்லிவிட்டேன். மறுநாள் பார்த்தால் அது அங்கேயே இருக்கிறது... இப்போது நான் சொன்னது பொய்யா?

எத்தனையோ நாளாக இதே கேள்வி. சமைக்கும்போதும், மகனுக்குச் சோறு ஊட்டும்போதும், ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும்போதும். பதில்தான் வரவில்லை.

இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியும். காஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். மகன் ஒரு தும்மல் போட்டால் பத்துத் தரம் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள். ‘இவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம்’ என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். சிரித்துவிட்டு இதையும் கேளுங்கள்.

எங்கள் வீட்டுக்கும் ஸபீனாவின் வீட்டுக்கும் ஒரே மதில். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) மதிலில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவு வழியாகத்தான் கறிச்சட்டியும், பிள்ளைகளின் உடுப்பும், ஊர்க் கதையும் போய்வரும். போன வருடம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள் ஸபீனா. திரும்பி வந்தது அவளுடைய மையித்துதான், வெறும் உடல். அவளுடைய மகள் ஹயாவுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில், ஒரு பெண் மௌத்தானால், அவளுடைய படங்களை அழித்துவிடச் சொல்லிப் பல குடும்பங்களில் கேட்பார்கள். உயிரோடு இருந்தபோது அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் அவள் மறைத்து வைத்திருந்ததை, அவள் இல்லாத காலத்தில் யாரோ எவரோ பார்த்துவிடக் கூடாது. இனித் தன்னை மறைத்துக்கொள்ள அவளால் முடியாது அல்லவா? அவளுக்காக மற்றவர்கள்தான் அதைச் செய்ய வேண்டும்.

ஸபீனாவின் கணவர் கட்டாரில் இருக்கிறார். மச்சான் என்றுதான் நான் கூப்பிடுவேன். அடக்கத்துக்கு வந்தவர் திரும்பிப் போகுமுன் மதில் கதவருகே நின்று, உள்ளே வராமலே சொன்னார்: “என்ட போன்லயும் அவட போன்லயும் இரிந்தத நான் அழிச்சிட்டன். உங்கட போன்லயும் அவட படம் இரிக்கிம். எல்லாத்தையும் அழிச்சிருங்க. உங்களத்தான் நம்பியிரிக்கன்.”

“ஓம் மச்சான். அழிக்கிறன்.”

அழித்தேன். ஸபீனாவின் உம்மா, மதிலுக்கு அந்தப் பக்கம் ஹயாவோடு இருக்கும் மாமி, தன்னுடைய போனையும் என்னிடம் நீட்டினார். “எனக்கு இது ஒண்டும் விளங்காதுகா. நீயே செய்.” முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அதிலிருந்ததையும் ஒவ்வொன்றாக நான்தான் அழித்தேன்.

எல்லாம் முடிந்தது என்றிருந்தேன். அண்மையில் மகனின் பாட்டுகளைத் தேடியபோது ஒரு பழைய பென் டிரைவ் கையில் அகப்பட்டது. முன்னொரு காலத்தில் போன் நிரம்பிவிட்டது என்று வீடியோக்களை அதில் மாற்றியிருக்கிறேன். திறந்தேன். பாட்டுகளுக்கு நடுவே ஒரு சின்னச் சதுரம். அதில் ஸபீனா, பாதி முகம்.

உடனே அழித்தேன். காணாமல் போனது. மச்சானுக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன்: ‘இன்னும் ஒரு வீடியோ இருந்தது. அதையும் அழிச்சாச்சு.’ நன்றி சொல்லிப் பதில் வந்தது: ‘ஜஸாக்கல்லாஹு ஹைரன். இப்பதான் மனசு கொஞ்சம் லேசாயிரிக்கி.’

மறுநாள் மகனின் பாட்டுக்காக அதைத் திரும்பவும் செருகினேன். அதே சதுரம். அதே பாதி முகம்.

கை தவறியிருக்கும் என்று மீண்டும் அழித்தேன். கழற்றினேன். செருகினேன். ஸபீனா இருந்தாள்.

முழுவதையும் ஃபோர்மட் பண்ணப் பார்த்தேன். முடியாது என்றது. யூடியூபைப் பார்த்து, கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடித்தேன். ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று காட்டியது. அப்பாடா! கழற்றினேன். செருகினேன். ஸபீனா இருந்தாள்.

அப்போதுதான், வாழ்க்கையில் செய்திருக்கக் கூடாத ஒரு காரியத்தைச் செய்தேன். வீடியோவைத் திறந்து பார்த்தேன்.

ஸபீனா, கைக்குழந்தையான ஹயாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். முக்காடு இல்லை. முடியெல்லாம் ஈரம். உம்மாவிடம் துவாய் கேட்கிறாள். பிறகு திரும்புகிறாள், என் போனைக் காண்கிறாள், சிரிக்கிறாள். “அடியே, என்னகா செய்யிற! தலையில ஒண்டும் இல்ல. மறுகா அழிச்சிரு, என்ன?”

போனுக்குப் பின்னாலிருந்து என் குரல்: “ஓம் ஓம்... அழிக்கிறன்.”

“சொல்லுறாய், அழிக்க மாட்டாய். காட்டு பாப்பம்!” ஒரு ஈரக் கை திரையை நோக்கி வருகிறது, பெரிதாகிறது, எல்லாம் இருட்டாகிறது. அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். அழிக்க முடியாத ஒரு வீடியோ. அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவள் சொல்வது, அழித்துவிடு என்று. ஒவ்வொரு முறையும் நான் சொல்வது, ஓம் என்று.

கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே என்பீர்கள். போனேன். காத்தான்குடி மெயின் வீதியில் போன் திருத்துகிற கடை. கவுன்டரில் இருந்தவர் வாங்கிச் செருகப் போனார்.

“திறக்காதீங்க!”

கடையிலிருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“திறக்காம எப்பிடி ராத்தா பாக்குற? நான் என்ன, கண்ணக் கட்டிக்கிட்டா வேல செய்யிற?”

“உள்ளுக்கு இரிக்கிறத பாக்காதீங்க. அழிக்க மட்டும் ஏலுமா?”

அவர் திரையை என் பக்கம் திருப்பிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே ஏதோ அடித்தார். நான் ஃபைல்களின் பெயர்கள்கூட யாருக்கும் தெரியாதபடி கைப்பையால் திரையை மறைத்துக்கொண்டு நின்றேன். அவருக்குச் சிரிப்பு. கடைசியில் கழற்றிக் கொடுத்தார்.

“இது இனிச் சரி வராது ராத்தா. உள்ளுக்கு சிப் பழுதாகிட்டு. அப்பிடியானா கதவச் சாத்திரும். புதுசா ஒண்டும் எழுத ஏலா. இரிக்கிறத அழிக்கவும் ஏலா. பாக்க மட்டும் விடும்.”

“அழிஞ்ச மாதிரிக் காட்டுதே?”

“அது கொம்பியூட்டர் நினைச்சுக்கிற. கழட்டினா மறந்திரும். பாக்கிறதும் எவ்வளவு நாளைக்கோ தெரியா. ஒரு நாளைக்கு அதுவும் நிண்டிரும்.” பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்தார். “தாங்க, ஒரே அடி. புதுசு ஒண்டு வாங்கினா அடிக்கூலி இல்ல!”

பகிடியாகத்தான் சொன்னார். நான் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஏன் பிடுங்கினேன்? அழிக்கத்தானே போனேன்?

வேலை எனக்குக் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மறுநாள் காலை, வழியில் வாவிக்கு மேலே இருக்கும் மண்முனைப் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். தண்ணீரில் எறிந்துவிட்டால்? கீழே இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் இறாலுக்கு வலை வீசிக்கொண்டிருந்தார். மகனின் சட்டைப் பையில் கிடந்து சோப்புத் தண்ணீரில் ஊறிய ஒரு பென் டிரைவ், காய்ந்த பிறகு ஒழுங்காக வேலை செய்தது நினைவுக்கு வந்தது. இதுவும் இறாலோடு இறாலாக அவருடைய வலையில் ஏறினால்? அவர் காயவைத்து, செருகிப் பார்த்தால்? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒஃபீஸுக்குப் போய்விட்டேன்.

இனிச் சொல்லப்போவதைத்தான் எழுதுவதா விடுவதா என்று இருந்தேன்.

சில டீவிகளில் ஃபோர்மட் பண்ணும் வசதி இருக்கிறதாம். என் கணவர் சொன்னார். சனிக்கிழமை அதையும் செய்து பார்த்தேன். டீவியும் முடியாது என்றது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பென் டிரைவை டீவியிலேயே மறந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். மகனும், விளையாட வந்திருந்த ஹயாவும் ஹோலில்.

எங்கள் டீவிக்கு ஒரு பழக்கம். கரண்ட் வந்ததும் தானாக முழித்து, செருகியிருப்பதைப் போடும். மகனின் பாட்டுகளுக்காக அப்படி செட் பண்ணி வைத்தவள் நான்தான்.

மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஃபிரிஜ் முனகத் தொடங்கியது. ஃபேன் சுற்றியது. பிறகு தண்ணீர் சலசலக்கும் சத்தம். பிறகு, நல்ல சத்தமாக, ஸபீனா.

“உம்மா... துவாய ஒருக்கா எடுங்க!”

நான் அப்படியே நின்றுவிட்டேன். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

“இந்தா வாறன் மகள்!”

ஓடினேன். டீவியின் பிளக்கை இழுத்து எடுக்கும்போது, அந்த ஈரக் கை திரை முழுவதும் இருந்தது. ஹயா டீவிக்கு முன்னால் நின்று கைகொட்டினாள். “பாப்பா குளிக்கி! மறுகா போடுங்க மாமி!” (அவளுக்கு நான் மாமி.) அந்தப் பாப்பா தானேதான் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்திலிருந்த பெண்ணைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

மதில் கதவு திறந்தது. மாமி நின்றார். கையில், கொடியில் இருந்து எடுத்த துவாய்.

“ஆருகா கூப்பிட்ட?”

“டீவி... மாமி.”

மாமி அணைந்த டீவியைப் பார்த்தார். கையிலிருந்த துவாயைப் பார்த்தார். அது எப்படித் தன் கைக்கு வந்தது என்று யோசிப்பவரைப் போல.

“அழிச்சாச்சு எண்டுதானே அவருக்குச் சொன்ன?”

“அழிச்சன் மாமி. எவ்வளவோ தரம் அழிச்சன். போகுதில்ல. கடையிலயும் காட்டினன்.”

“சின்னதிலயே அவள் அப்பிடித்தான்,” என்றார் மாமி. “போ எண்டா போகமாட்டாள்.” பிறகு சிரித்தார். அந்தக் குரலுக்குப் பயந்ததைவிட இந்தச் சிரிப்புக்கு நான் அதிகமாகப் பயந்தேன்.

ஹயாவைத் துவாயால் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிள்ளை நனைந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு மாமி தினமும் பின்னேரம் அஸர் தொழுத கையோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார். ஒரு நாள் தேசிக்காய் கேட்டு. ஒரு நாள் ஹயாவின் செருப்பைத் தேடி. ஒரு நாள் ஒன்றுக்கும் இல்லை. டீவிக்கு நேரே இருக்கும் கதிரையில் உட்காருவார். மீன் விலை பேசுவார், மழை பேசுவார். கண் மட்டும் அணைந்த டீவியில் இருக்கும். அணைந்த டீவியை ஒருவர் இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. போடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அழி என்றும் சொன்னதில்லை. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் எழும்பிப் போய்விடுவார்.

மச்சானுக்கு நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. மனம் லேசாகிவிட்டது என்று எழுதிய ஒரு மனிதருக்கு, இல்லை, அவள் இன்னும் இருக்கிறாள் என்று எப்படி எழுதுவது? இதை அவர் வாசித்தால் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேனோ? அதுவும் தெரியவில்லை.

பிரதி எடுத்து வைத்தால் என்ன என்று சிலர் நினைப்பீர்கள். ஒரு நிமிட வேலை. ஆனால் இப்போது இருப்பது என் விருப்பத்தால் இருப்பதல்ல. சிப் பழுதானதால் இருப்பது. பிரதி எடுத்தால் அது என் கை செய்தது. மச்சானிடமும், ஸபீனாவிடமும் ஓம் என்று சொன்ன அதே ஆளின் கை.

உடைத்தால்? இதுதான் கடைசி. அவளுடைய முகமும் குரலும் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை; மச்சான் அழித்தது போக மற்றதையெல்லாம் அழித்தது நான். நாளைக்கு ஹயா வளர்ந்து, ‘எங்கட உம்மா எப்பிடி மாமி இரிப்பா?’ என்று கேட்டால், நான் என்னத்தைக் காட்டுவது? ஸபீனா அழிக்கச் சொன்னாள்தான். ஆனால் சிரித்துக்கொண்டல்லவா சொன்னாள்? சொன்ன கையோடு, காட்டு பார்ப்போம் என்றல்லவா கையை நீட்டினாள்?

எனக்கு முடிவு எடுக்கத் தெரியவில்லை. மார்க்கம் தெரிந்தவர்களும், பிள்ளையைப் பறிகொடுத்த உம்மாமாரும், உம்மா முகம் தெரியாமல் வளர்ந்தவர்களும் இதை வாசிப்பீர்கள். நான் மச்சானுக்கு என்ன எழுத வேண்டும்? மாமி ஒரு நாள் வாய் திறந்து கேட்டுவிட்டால் போடுவதா, மறுப்பதா? எனக்கு எழுதுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். நேற்றுச் செருகிப் பார்த்தேன்... திறக்க முன்னையைவிட அதிக நேரம் எடுக்கிறது.