மூன்றாம் பகுதியை இரண்டு முறை எழுதியவர்

அதியமான்கோட்டையில் ஆரோக்கியராஜைக் கணக்கு வாத்தியாராகத்தான் ஊருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீபோர்டு வாசிப்பவர் என்று இன்னும் கொஞ்சம் பேருக்குத் தெரியும். அவர் மேற்கத்திய செவ்விசை எழுதுகிறவர் என்பது, தருமபுரிப் பள்ளியில் பக்கத்து வகுப்பறையில் பல வருடம் தமிழ் நடத்திய எனக்கே வெகுநாள் தெரியாது. அவர் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னாலும் ஆசிரியர் அறையில் யார் என்ன கேட்டிருப்போம்?

அவர் அப்பா கொத்தனார். அம்மா செல்லம்மாள் பிறர் தோட்டத்தில் களையெடுக்கவும் தக்காளி பறிக்கவும் போனவர். கோயில் பள்ளியில் இருந்த கன்னியாஸ்திரீ ஒருவர் பையனுக்குக் காது நன்றாக இருக்கிறதென்று கண்டு, வயலினும் ஐந்து கோட்டில் இசையை எழுதும் முறையும் கற்றுக்கொடுத்தார். கல்லூரி முடிப்பதற்குள் அப்பா சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். இசைப் படிப்பு என்ற பேச்சு அத்தோடு நின்றது. பி.எட். முடித்தார், வேலைக்கு வந்தார், சோபனாவைக் கட்டினார். ஆனால் சனிக்கிழமைகளில் தருமபுரியில் ரயிலேறி பெங்களூர் போவதை மட்டும் விடவில்லை. அங்கே மாதவராஜ் என்ற என்ஜினியர் பொழுதுபோக்காக ஒரு நால்வர் குழு நடத்தினார். இரண்டு வயலின், முழங்காலுக்கிடையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்று, ஒரு வியோலா. வயலின் வாசிக்க ஆள் நிறைய இருந்தார்கள். அதனால் ஆரோக்கியராஜ், வயலினைவிடச் சற்றுப் பெரிதாக, குரல் தாழ்ந்து ஒலிக்கும் வியோலாவை எடுத்துக்கொண்டார். யாரும் தனியாகக் கவனிக்காத வாத்தியம். அவருக்கு அது ஒத்துப்போயிற்று.

அந்தக் குழுவுக்காகத்தான் எழுதவும் ஆரம்பித்தார். பின்னாளில் எனக்குச் சிலவற்றைப் போட்டுக் காட்டினார். நன்றாக இருந்தன. ஆனால் ஜெர்மனியில் ஏதோ ஓர் ஊரில் மழை பெய்கிற மாதிரி இருந்தன. இதை நான் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. தனக்கும் அப்படித்தான் படுகிறது என்றார்.

அவர் வீட்டுக்கு எதிரே ஒரு புளிக் கொட்டகை. தை மாதம் தொடங்கிக் கோடை முடியும்வரை, பத்துப் பதினைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து, புளியைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். அந்தச் சத்தம் தாங்காமல், எழுத உட்காரும்போதெல்லாம் ஆரோக்கியராஜ் ஜன்னலைச் சாத்திவிடுவார். சோபனா வியர்வையில் நனைந்தபடி, ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் அந்த இசை வரக்கூடாதா என்று கேட்பார்.

2022 கடைசியில் ஒரு புதிய நால்வர் இசைக்கு முதல் பகுதியை எழுதி எடுத்துப்போனார். குழு வாசிக்கத் தொடங்கி, மூன்றாவது வரியிலேயே சிக்கி நின்றது. தாளம் சமமாக விழவில்லை. இரண்டு தட்டு, ஒரு புரட்டல், மறுபடி இரண்டு தட்டு, பின் நீளமாக ஓர் இழுப்பு. மாதவராஜ் பலமுறை முயன்றுவிட்டு, இதை எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டார். ஆரோக்கியராஜுக்குச் சொல்லத் தெரியவில்லை. தானாக வந்தது என்றார். ஆர்மீனிய நாட்டு இசையில் இப்படி நொண்டி நடக்கும் தாளம் கேட்டிருக்கிறேன் என்று மாதவராஜ் சில ஒலிப்பதிவுகளை அனுப்பினார்.

ஆரோக்கியராஜ் சில வாரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். எங்கோ மலைநாட்டில், தங்கள் ஊர் உழவர்களின் பாட்டுகளைத் தேடிப்போய்க் கேட்டு, அவற்றின்மேல் பெரிய இசையைக் கட்டியெழுப்பியவர்கள் இருந்திருக்கிறார்கள். மொழி ஒன்றும் புரியாமலே, இது கல்யாண ஆட்டம், இது உழுகிறவன் பாட்டு என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு தை மாதக் காலையில், காதில் இயர்போனை மாட்டியபடி பல் துலக்கிக்கொண்டிருந்தவர், அதைக் கழற்றியதும் எதிர்க் கொட்டகையிலிருந்து அதே நொண்டித் தாளம் வருவதைக் கேட்டார். இரண்டு தட்டு, ஒரு புரட்டல், இரண்டு தட்டு, கொட்டையை உருவ ஓர் இழுப்பு. இத்தனை வருடம் சாத்திய ஜன்னலைத் தாண்டி அது உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. வாய் நுரையோடு அவர் சிரித்துக்கொண்டு நின்றதை சோபனா இன்றும் சொல்வார்.

அன்று மாலையே கொட்டகைக்குப் போனார். வாத்தியார் புளி வாங்க வந்திருக்கிறார் என்று பெண்கள் நினைத்தார்கள். பாட்டுக் கேட்க வந்தேன் என்றதும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு கோவிந்தம்மாளைக் கைகாட்டினார்கள். ஐம்பதைத் தாண்டியவர், உயரம், கணீரென்ற குரல். அவர் ஓர் அடி எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் கட்டையோடு சேர்ந்து திருப்புவார்கள். மாமியாரைக் கிண்டல் செய்யும் பாட்டு, மழையை வையும் பாட்டு, மாப்பிள்ளை பைக் கேட்ட பாட்டு. அந்த சீசன் முழுக்க ஆரோக்கியராஜ் பள்ளி விட்டதும் அங்கே போய்விடுவார். ஒரு மூலையில் உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்வார். பெண்களுக்கும் அது பழகிவிட்டது.

கோவிந்தம்மாளுக்குப் பிரியதர்ஷினி என்று ஒரே மகள். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்வந்தவள், முந்தைய வருடம் சாலை விபத்தில் போய்விட்டாள். ஒருநாள் எல்லோரும் எழுந்து போனபின், கோவிந்தம்மாள் மட்டும் கடைசிக் கூடையைத் தட்டிக்கொண்டு, தனக்குள் மெல்ல இழுத்துப் பாடினார்.

ஷிப்டு முடிஞ்சி வாரேன்னியே, கண்ணம்மா,
சோறு ஆறிக் கெடக்குதடி, கண்ணம்மா.

செல்போன் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆரோக்கியராஜ் அதை நிறுத்தவில்லை. பாடி முடித்ததும் அவரிடம் அனுமதி கேட்கவும் இல்லை.

இரண்டாம் பகுதியைக் கிண்டல் பாட்டுகளிலிருந்து எழுதினார்; மூன்றாம் பகுதி கோவிந்தம்மாளின் அந்த அழுகையிலிருந்துதான் பிறந்தது. வார்த்தை இல்லாமல், அந்த மெட்டு முழுவதையும் வியோலாவுக்கு எழுதினார். ஐப்பசியில் பெங்களூரில் அரங்கேறியது. முதல் பகுதிக்குச் சிரித்துக் கைதட்டியவர்கள், மூன்றாம் பகுதி முடிந்தபோது அசையாமல் இருந்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். சென்னையில் நடக்க இருந்த ஓர் இசை விழாவுக்கு அழைப்பு வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் முதன்முறையாக ஒருவர் அவரை இசையமைப்பாளர் என்று அறிமுகம் செய்தார். மாதவராஜ் வீடியோவை இணையத்தில் போட்டார். நாங்கள் ஆசிரியர் அறையில் கூடி நின்று பார்த்தோம்.

ஊரில் எல்லார் கையிலும் அது சுற்றியது. கொட்டகைப் பெண்களின் கைக்கும் போயிற்று.

ஒரு மாலை கோவிந்தம்மாள் அவர் வீட்டுக்கு வந்தார். சோபனா டீ கொடுத்தார், வாங்கிக் குடித்தார். பிறகு ஆரோக்கியராஜைப் பார்த்துக் கேட்டார்.

"சார், அந்த போன்ல வர்றது எம்பொண்ணுக்கு நான் அழுததுதானுங்களே?"

"ஆமாங்கம்மா."

"வார்த்தை ஒண்ணும் இல்ல. ஆனாலும் தெரிஞ்சிபோச்சிங்க. எந்த எடத்துல எனக்கு மூச்சு முட்டுமோ, அந்த எடத்துல அதுவும் நிக்குது."

ஆரோக்கியராஜ் தடுமாறினார். மரியாதையோடுதான் செய்ததாகச் சொன்னார். அங்கே கேட்டவர்கள் அழுதார்கள் என்றும் சொன்னார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று வாயிலிருந்து வந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அவங்க எதுக்குங்க அழுவணும்? எம்புள்ளய அவங்களுக்குத் தெரியுமா?" கோவிந்தம்மாள் சத்தம் போடவில்லை. "மத்த பாட்டெல்லாம் எடுத்துக்கங்க. அது ஊரு பாட்டு. இது பாட்டு இல்லீங்க சார். நான் அவகிட்ட பேசறது."

அவர் போனபின் ஆரோக்கியராஜ் மாதவராஜுக்குப் போன் செய்து வீடியோவை எடுக்கச் சொன்னார். மாதவராஜுக்கு ஒப்பவில்லை. நாட்டார் மெட்டு யாருக்கும் சொந்தமில்லை, உலகத்தில் எத்தனை பேர் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள், அந்த ஆர்மீனியர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டா இருந்தார்கள் என்றார். அவர்கள் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை என்று மட்டும் தெரியும் என்றார் ஆரோக்கியராஜ். வீடியோ போயிற்று. மூன்றாம் பகுதி இல்லாமல் வாசிக்க விழாக்காரர்கள் சம்மதிக்கவில்லை. சென்னையும் போயிற்று. மாதவராஜ் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார்.

அதன்பிறகு ஆரோக்கியராஜ் எழுதவில்லை. சனிக்கிழமை ரயிலும் நின்றது. அடுத்த தை வந்து கொட்டகையில் சத்தம் தொடங்கியபோது, அவர் அந்தப் பக்கம் போகாமல் பின்தெரு வழியாகப் பள்ளிக்கு வந்தார். எங்களுக்கெல்லாம் தெரிந்துதான் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

கோவிந்தம்மாள்தான் ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பிடித்தார். ஏன் வருவதில்லை, பெண்கள் கேட்கிறார்கள் என்றார். உங்களைப் பார்க்க முகம் இல்லை என்றார் இவர். அதெல்லாம் அன்றைக்கே முடிந்தது, வீடியோவை எடுத்துவிட்டீர்கள் அல்லவா என்றார் கோவிந்தம்மாள். பேருந்து வரவில்லை. இருவரும் நின்றிருந்தார்கள்.

"உங்கம்மா போனப்ப நீங்க என்ன பாடினீங்க, சார்?"

செல்லம்மாள் 2021இல், கொரோனா இரண்டாம் அலையில் இறந்தார். அப்போது ஆரோக்கியராஜுக்கும் தொற்று. வீட்டில் ஓர் அறையில் அடைந்து கிடந்தார். சோபனாவும் பங்குத்தந்தையும் இன்னும் இரண்டு பேரும்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். ஊர் முழுக்கச் சாவுக்கும் பூசைக்கும் வாசித்தவர், அம்மாவுக்கு ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, எதற்கென்று தெரியாமலே இன்னொன்றையும் சொன்னார். அம்மாவுக்குப் பாட வராது. கோயிலில் எல்லோரும் ஒரு வரியை முடித்தபிறகு அவர் தனியாக அந்த வரியின் கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டிருப்பார். பாடற்குழுவை நடத்தத் தொடங்கிய வயதில் இவருக்கு அது வெட்கமாக இருந்தது. ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில் எல்லோர் முன்னாலும், அம்மா நீ கொஞ்சம் மெதுவாகப் பாடு என்றுவிட்டார். அதன்பிறகு சாகும்வரை செல்லம்மாள் கோயிலில் உதட்டை மட்டும்தான் அசைத்தார்.

கோவிந்தம்மாள் கீழே வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப உங்களுது இன்னும் உள்ளயே கெடக்குதுங்க சார்," என்றார். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் ஆரோக்கியராஜ் பள்ளிக்கு விடுப்புச் சொன்னார். கல்லறைத் தோட்டத்துக்குக் கல்லறைத் திருநாளில் கூட்டத்தோடு போனதுண்டு. தனியாகப் போனது அன்றுதான். வியோலாவை எடுத்துக்கொண்டு போனாராம். வாசித்தீர்களா என்று பின்னால் கேட்டேன். இல்லை சார், பெட்டியைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது, மூடிவிட்டேன் என்றார். வீட்டுக்கு வந்து அன்று மாலையே எழுத உட்கார்ந்தார்.

புதிய மூன்றாம் பகுதி மிக எளியது. சின்னதாக ஒரு பக்திப் பாட்டு மெட்டு, அவரே கட்டியது. மூன்று வாத்தியங்கள் அதைச் சேர்ந்து வாசிக்கும். வியோலா மட்டும் பின்தங்கி வரும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் மற்றவை நின்றபின் அது தனியாக இழுத்துக்கொண்டிருக்கும். முதலில் மற்ற மூன்றும் அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். போகப் போக ஒவ்வொன்றாக அதற்காகக் காத்திருக்கத் தொடங்கும். பிரதியைப் பார்த்த மாதவராஜ், ஒத்திகைக்கு எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டாராம்.

முதல் நிகழ்ச்சியைத் தருமபுரியில்தான் வைக்கவேண்டும் என்று ஆரோக்கியராஜ் பிடிவாதமாக இருந்தார். 2024 ஆகஸ்டில், எங்கள் பள்ளி அரங்கில் நடந்தது. ஆசிரியர்கள், கோயில்காரர்கள், சோபனா வேலைபார்க்கும் அங்கன்வாடிப் பெண்கள். ஷேர் ஆட்டோ பிடித்து கொட்டகைப் பெண்களும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். முதல் பகுதி தொடங்கியதும் அவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் கை மடியில் தானாகத் தட்ட ஆரம்பித்தது. அவர்கள் வாய்விட்டுச் சிரித்தபோது, செல்லோ வாசித்த மாதவராஜும் சிரித்துவிட்டார்.

மூன்றாம் பகுதியில் வியோலா பின்தங்கியதும், என் பக்கத்திலிருந்த பி.டி. வாத்தியார், நம்ம சார் தப்பு பண்றார் போல என்று என் காதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவரும் முன்னால் சாய்ந்து கேட்கத் தொடங்கினார். மேடையில் மூன்று பேர் வில்லைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்க, ஆரோக்கியராஜ் கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். சோபனா முந்தானையை வாயில் வைத்திருந்தார்.

முடிந்தபின் கூட்டம் அவரைச் சூழ்ந்தது. கோவிந்தம்மாள் ஓரமாக நின்று காத்திருந்து, கடைசியில் வந்தார். ஆரோக்கியராஜ் அவர் முகத்தையே பார்த்தார்.

"நல்லா இருந்துதுங்க. ஆனா அந்தம்மா கொரலு சன்னமா இருக்குது. இன்னும் கொஞ்சம் சத்தமா வுடுங்க, சார். இப்ப யாரு வேணாங்கறா?"

ஆரோக்கியராஜ் தலையை ஆட்டினார். பிறகு பெங்களூரிலும் சேலத்திலும் அந்தப் பகுதியை வாசித்தபோது நான் போயிருந்தேன். வியோலா அரங்கின் கடைசி வரிசைவரை கேட்டது.

இப்போது எந்தப் பாட்டை எடுப்பதானாலும் பாடியவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறார். சிலர் மாட்டேன் என்கிறார்கள், விட்டுவிடுகிறார். கடந்த மே மாதம் ஓய்வு பெற்றார். மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் பம்பை மேளம் அடிக்கும் மாதேஷ் என்பவரோடு சேர்ந்து, பம்பைக்கும் நால்வர் குழுவுக்குமாக ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறார். போன வாரம் பார்த்தபோது எப்படிப் போகிறது என்று கேட்டேன். பம்பைக்குப் பக்கத்தில் செல்லோ என்று ஒன்று இருப்பதே காதில் விழமாட்டேன் என்கிறது சார், மாதவராஜ் சண்டைக்கு வருகிறார் என்று சொல்லிச் சிரித்தார்.