வலது கண்ணில் நீலம்

கமலநாதன் முப்பது வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். தம்போயில் ஆட்களை ஏற்றி பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் இறக்குவார். சிவப்பு, மஞ்சள், பச்சை தவிர வேறு நிறம் அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

தீபாவளிக்கு ஹாலில் சாயம் பூச, மனைவி கிருஷ்ணம்மா இரண்டு சிறிய டின் வாங்கி வந்து, சுவரில் மேலும் கீழுமாக இரண்டு பட்டை அடித்திருந்தாள். இரண்டுமே நீலமும் பச்சையும் கலந்தவை. எது வேண்டும் என்று கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் லா."

"ஒங்களுக்கு காப்பியும் தேத்தண்ணியும்கூட ஒண்ணுதான்."

அடுத்த வாரம் அவருடைய வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இடது கண்ணுக்கு மறு மாதம் நாள் கொடுத்தார்கள். போகமாட்டேன் என்றார். அந்த ஆபரேஷன் மேசையில் இன்னொரு முறை படுக்கும் துணிச்சல் அவருக்கு இல்லை.

"ஒரு கண்ணு போதும். இனிமே பஸ்ஸா ஓட்டப் போறேன்?"

கிருஷ்ணம்மா வழியெல்லாம் கெஞ்சினாள், திட்டினாள், வீடு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலை அவளே கண்கட்டை அவிழ்த்து மருந்து விட்டாள். எழுந்து ஹாலுக்கு வந்தவர் சுவர் முன் நின்றுவிட்டார்.

"வேற பெயிண்ட் அடிச்சியா?"

"அதேதான்."

வலது கண்ணுக்கு முன் கையை வைத்து மறைத்தார்.

"தொடாதீங்க."

"தொடல."

இடது கண்ணில் இரண்டு பட்டையும் ஒன்றுதான், தேத்தண்ணி சிந்திய பச்சை. கையை எடுத்தார். மேல் பட்டையில் நீலம் திறந்தது. கீழ்ப் பட்டையில் அதே நீலம் ஓர் இலைக்குப் பின்னால் நின்றது. மறைத்தார், எடுத்தார். ஒவ்வொரு முறையும் அது வந்தது.

திரும்பி அவளைப் பார்த்தார்.

"நீ கட்டியிருக்குற கைலி நீலமா?"

"வாங்குனப்பவே நீலம்தான்."

ஜன்னலில், பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கு மேலே வானம். கண் கூசியது. பார்வையை எடுக்க மனமில்லை. இந்த நிறம் தன்னை விட்டுப் போனது எப்போது? சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறது.

"நீ தெனமும் இப்படித்தான் பாக்குறியா?"

"எல்லாரும் இப்படித்தான் பாக்குறாங்க."

அவருக்கு அதை நம்ப முடியவில்லை. இதைப் பார்த்துக்கொண்டே எப்படி மீன் வாங்குகிறார்கள், பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்?

"சரி, மேலயா, கீழயா? பெயிண்ட்காரர் நாளைக்கு வர்றாரு."

அவர் வலது கண்ணை மறுபடி மறைத்தார். வெகுநேரம் அந்த மங்கலிலேயே நின்றார்.

"வரவேணாம்னு சொல்லு. அடுத்த மாசம் ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டுச் சொல்றேன்."

"அதுக்குள்ள தீபாவளி முடிஞ்சிடும்ங்க."

"முடியட்டும் லா."

கிருஷ்ணம்மா உடனே பெயிண்ட்காரருக்குப் போன் போட்டாள்.